அடைத்த வாசல்களைத் தேடிப் பாருங்கள்

அமெரிக்கத் தென்மேற்கில் பண்டைய புவெப்லோ மக்களின் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் சாக்கோ பள்ளத்தாக்குக்கும் மேசா வெர்டேக்கும் நாட்களை ஒதுக்கிவிட்டு, நியூ மெக்சிகோவின் புளூம்ஃபீல்டு ஊரருகே சான் வான் ஆற்றங்கரையில் இருக்கும் சால்மன் இடிபாடுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றி, சால்மனை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கும் அரை நாளாவது ஒதுக்க வேண்டும். இது சாக்கோவைவிடப் பெரியது என்பதற்காகச் சொல்லவில்லை, பெரியதும் இல்லை. ஒரு பழைய சுவரை எப்படிப் படிப்பது என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரும் இடங்கள் குறைவு.

கி.பி. 1090-ஐ ஒட்டி, சாக்கோ பாணியில் இந்தப் பெருமனை எழுந்தது. கட்டடத்தில் எஞ்சிய மரங்களின் வளையங்களை எண்ணித்தான் இந்தக் காலத்தைக் கணித்திருக்கிறார்கள். முற்றத்தில் நிலத்தடிப் பெருங்கிவா (கிவா என்பது சடங்குக் கூடம்), பின்வரிசையின் நடுவே உயர்த்திக் கட்டிய கோபுரக் கிவா, விசாலமான அறைகள் என எல்லாமே திட்டமிட்ட வேலை. ஆனால் சாக்கோவின் செல்வாக்கு இங்கே நீடித்தது முப்பது, நாற்பது ஆண்டுகள்தான். அதன்பின் 1280களில் பெருந்தீ பரவும் வரை, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள், இதே சுவர்களுக்குள் வேறு விதமான வாழ்க்கை நடந்தது. பெரிய அறைகளைக் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். வாசல்களைக் கல்லால் அடைத்தார்கள். சதுர அறைக்குள்ளேயே வட்டமான சிறு கிவாக்களைப் பொருத்தினார்கள். ஆண்டுக் கணக்கு பார்த்தால், இந்த வீடு கட்டியவர்களைவிட மாற்றியவர்களுக்குத்தான் அதிகம் சொந்தம். ஆகவே அங்கே போனால் நேர்த்தியான கல்வரிசையை மட்டும் ரசித்துவிட்டுத் திரும்பாதீர்கள். வரிசை தப்பிய கற்கள், வேறு கைவேலையாகத் தெரியும் ஒட்டுச் சுவர், நிரப்பப்பட்ட வாசல் ஆகியவற்றைத் தேடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது இந்த வேறுபாடு கண்ணில் படும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிற்காலத்து வேலை தரம் தாழ்ந்தது, அதைப் பார்க்க இத்தனை தூரம் போக வேண்டுமா என்று கேட்கலாம். கல்வேலையின் நயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கேள்வி சரிதான். ஆனால் கூடிச் சடங்கு நடத்தவும் சேமித்து வைக்கவும் ஏற்ற உயரமான கூடங்களைக் குடும்பங்கள் குடியிருக்கும் வீடாக்க வேண்டுமென்றால், குளிர்காலத்தில் சூடு தங்கும் சிறு அறைகள்தான் வசதி. எனக்கு அது வீழ்ச்சியாகப் படவில்லை. வேறொரு தேவைக்கான விடையாகவே படுகிறது.

இடிபாடுகளை ஒட்டியிருக்கும் அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, கடைசியிலா? சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய், பிறகு மறுபடியும் சுவர்களிடம் வருவதே பயனுள்ளது என்பேன். முதல் சுற்றில் எழும் கேள்விகள் இல்லாமல் பானைகளைப் பார்த்தால் அவை அலமாரிப் பொருள்களாகவே நின்றுவிடும். சிறிய அருங்காட்சியகத்தில் பேர்போன பொருள் எதுவும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் தோண்டிய இடமும் எடுத்த பொருளும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த நிலத்தில் குடியேறிய சால்மன் என்ற விவசாயக் குடும்பம் புதையல் வேட்டைக்காரர்களை உள்ளே விடாமல் பல்லாண்டு காத்தது. 1969-இல் அந்த நிலம் பொதுச் சொத்தானது. மறு ஆண்டு தொடங்கி சிந்தியா இர்வின்-வில்லியம்ஸ் தலைமையில் அகழாய்வு நடந்தது. தோண்டியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிலேயே பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களும் மாதிரிகளும் கிடைத்தன. எஞ்சிய பகுதியை மண்ணுக்குள் விட்டு வைத்ததைக் குறை என்று சிலர் நினைப்பார்கள். நாளைக்கு வரும் ஆய்வாளருக்கு இன்று இல்லாத கருவிகள் கிடைக்கக்கூடும் என்பதால், அது விவேகமான முடிவு.

அதே காரணத்தால்தான் தரையில் கிடக்கும் பானை ஓட்டைத் தொடாமல் விட வேண்டும். எந்த அறையில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஓடு பேசும். பாக்கெட்டில் போட்டால் ஊமையாகிவிடும். சுவர்மேல் ஏறுவதும் சாய்வதும் கூடாது. தண்ணீர், தொப்பி கட்டாயம். கோடையில் நிழல் அரிது.

இந்த மக்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள் என்ற சுற்றுலாக் கதையை மட்டும் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1276 முதல் 1299 வரை நீடித்த கடும் வறட்சியும் வேறு நெருக்கடிகளும் சேர்ந்து அவர்களைத் தெற்கே நகர்த்தின. ஹோபி, சூனி, ஆகோமா ஊர்களிலும் ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் புவெப்லோ ஊர்களிலும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். அங்கே கிவாக்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன, வெளியாருக்கு அனுமதி இல்லை. சால்மனில் கூரை இழந்து திறந்து கிடக்கும் கிவாவின் விளிம்பில் நிற்கும்போதும் அதே மரியாதையோடு நிற்பதுதான் முறை.