இரண்டாவது நடைதான் லாபத்தைத் தின்கிறது

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துத் தரும் காண்ட்ராக்டர் நான். வேலைக் கணக்கை மொபைலுக்கு மாற்றினால் மிச்சமாகுமா, அதுவே தனி வேலையாகிவிடுமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: மிச்சமாகும். இந்தத் தொழிலில் லாபத்தைத் தின்பது ஒரே தோட்டத்துக்கு இரண்டாவது நடை போவதுதான். 63 எம்எம் லைனுக்கு 75 எம்எம் வால்வை எடுத்துப் போனால் கூலி, டீசல், அரை நாள் மூன்றும் போச்சு. அதனால் அளவெடுக்கும் அன்றே மோட்டாரின் பெயர்ப்பலகை, கிணற்றடி, ஃபில்டர் வைக்கும் இடம் எல்லாவற்றையும் படமெடுத்து விவசாயி பெயரில் சேமியுங்கள். மண் மூடுமுன் பள்ளத்தில் கிடக்கும் குழாயையும் படமெடுத்துவிட்டால், பின்னால் கசிவு வரும்போது தோட்டம் முழுக்கத் தோண்ட வேண்டியிராது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அந்தப் பணம் கள ஆய்வுக்குப் பிறகே வருகிறது என்பதால், தேதிவாரியான படங்கள் கைகொடுக்கும்.

தோட்டத்தில் சிக்னல் இல்லை, ஃபிட்டருக்கு ஆப் பழகாது என்பீர்கள். கேமராவுக்கு சிக்னல் தேவையில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்ப எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாலைந்து ஆப் வைத்துக்கொண்டால் நீங்கள் பயப்படுவது நடந்துவிடும். ஒன்றே போதும். மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, மறுநாள் வண்டியில் ஏற்ற வேண்டிய சாமான் பட்டியலை அதில் போட்டுவிடுங்கள்.