எரிந்த தீவில் மறுபடியும் பச்சை

எங்க வானகரத்துல ஜல்லி லாரிகள் போய்ப் போய், வாசல் செம்பருத்தி சாம்பல் பூசினாற்போல் நிற்கும். ஒரு மழை வந்தால் தேறிவிடும். நண்பர்களே, நிஜமான எரிமலைச் சாம்பல் மூடிய நிலம் எப்படித் தேறும்?

இந்தியாவில் இன்றும் குமுறும் எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 135 கி.மீ. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிய மலை 1991ல் விழித்தது. லாவா கடல் வரை ஓடியது. 1993ல் போய்ப் பார்த்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக் குழு, பறவைகள் குறைந்திருப்பதைக் கண்டது. ஆனால் கப்பல்காரர்கள் என்றோ விட்டுப்போன ஆடுகளின் வம்சம் பிழைத்துக் கிடந்தது!

ஆறிய லாவா நம்ம கான்கிரீட் தளம் மாதிரிதான். விரிசலில் மழைநீர் தங்கும். முதலில் பாசி, பிறகு பெரணிச் செடி. அவை மக்கி, தூசியோடு சேர்ந்தால் ஒரு பிடி மண். அதற்கே பல வருஷம் ஆகும். நாலு செருப்புக்கால் பட்டால் போச்சு.

சுற்றுலாப் பயணிகள் கப்பலிலிருந்துதான் பார்க்கலாம், இறங்க அனுமதியில்லை. "அவ்வளவு காசு குடுத்துட்டு கப்பல்லயே நிக்கணுமாடா?" என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். எனக்கும் இறங்க ஆசைதான். ஆனால் 2005க்குப் பிறகும் மலை பலமுறை சீறிவிட்டது. அந்தப் பெரணி வேர் பிடிக்கும்வரை கப்பல் தூரமே போதும் என்பது என் கட்சி.