சரக்கு அறிவோம்: பிரம்பு

மளிகைக் கடைக்கும் பிரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். கல்லா நாற்காலியின் பின்னல், பழக்கூடை, சீர்த்தட்டு இவை எல்லாருக்கும் தெரியும். நாட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கண்டாமிருக ரத்தமும் பிரம்பு தந்த சரக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. விற்கும் பொருளின் பிறப்பு தெரிந்தவனை வாடிக்கையாளர் நம்புவார். எனவே இம்மாதம் பிரம்பைப் பற்றிப் பார்ப்போம்.

பிரம்பு மூங்கில் இனம் அன்று. பனை, தென்னை, பாக்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அவற்றைப் போலத் தனித்து நிமிர்ந்து நிற்பதில்லை. உடம்பெல்லாம் முள், இலை நுனியிலோ அடியிலோ சாட்டை போன்ற கொக்கி முள். அதைக் கொண்டு பெரிய மரங்களைப் பற்றி ஏறும். 100 மீட்டருக்கும் மேல் நீளும் வகைகள் உண்டு. உலகில் சுமார் 600 வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் தாழ்நில மழைக்காடுகளைச் சேர்ந்தவை.

நம் பெரம்பலூர், அரியலூர் கரிசலிலும் செம்மண்ணிலும் பிரம்பு வளராது. அதற்கு ஈரமும் நிழலும் வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்றோரத் தாழ்நிலங்களில் வளரும் நாட்டுப் பிரம்புக்கு 1753-இல் லின்னேயஸ் தாவரப் பெயர் சூட்டினார். அதற்கு மிக முன்பே, குளத்துக் கெண்டை மீன் பிரம்பின் பழத்தைக் கவ்வும் செய்தியைக் குறுந்தொகையில் ஔவையார் பாடியிருக்கிறார்.

நமக்குப் பக்கத்தில் பிரம்புத் தொழிலைப் பார்க்க வேண்டுமானால், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம் போய், சீர்காழி சாலையில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்துத் தைக்கால் வந்துவிடும். சாலையின் ஓரமாக நாற்காலியும் ஊஞ்சலும் கூடையும் வரிசையாகத் தொங்கும். இன்று மூலப்பொருள் அசாம் போன்ற தொலைதூர இடங்களிலிருந்து வர வேண்டியிருக்கிறது. உலகின் பிரம்பில் பெரும்பங்கு தரும் இந்தோனேசியா, 2012 முதல் பச்சைப் பிரம்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. அயல்நாட்டுச் சட்டம் ஒன்று நம் ஊர்க் கைவினைஞரின் அடுப்பு வரை வந்து தொடும் என்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

கொள்முதல் செய்யும்போது பார்க்க வேண்டியவை:

1. வெட்டு முனையைப் பாருங்கள். மூங்கில் உள்ளே குழாயாக இருக்கும். பிரம்பு கெட்டியாக, நுண்துளைகளோடு இருக்கும்.

2. வளைத்துப் பாருங்கள். நல்ல பிரம்பு முறியாமல் வளையும். பிளாஸ்டிக் பின்னலைப் பிரம்பு என்று விற்பதும் உண்டு. அதில் கணுவே இராது.

3. கருநீலக் கறை இருந்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்த சரக்கு. கீழே மாவு கொட்டியிருந்தால் வண்டு துளைத்த சரக்கு. இரண்டும் வேண்டாம்.

4. குடோனில் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, காற்றோட்டம் விடுங்கள்.

அடுத்து, கண்டாமிருக ரத்தம். பெயரைக் கேட்டு விலங்கின் ரத்தம் என்று எண்ணக் கூடாது. சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு முள் பிரம்பின் காய்மேல் படியும் சிவப்புப் பிசின் இது. காயைக் கூடையிலிட்டுக் குலுக்கி உதிர்த்து எடுப்பார்கள். வார்னிஷுக்கும் சாயத்துக்கும் கூடப் பயன்படும். சொகோத்ரா தீவில் வேறொரு மரத்தின் பிசினும் இதே ஆங்கிலப் பெயரில் விற்பனையாகிறது. ஆகவே எந்தச் சரக்கு என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். "அசல் காண்டாமிருக ரத்தம்" என்று சொல்லி விற்பது பொய். உண்மையிலேயே அந்த விலங்கின் பொருளாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எப்படிப் பார்த்தாலும் கடைக்காரருக்கே கேடு.

இன்னொரு குழப்பம். பிரம்பின் தாவரப் பெயர் 'கலாமஸ்'. வசம்பின் தாவரப் பெயரிலும் அதே சொல் இரண்டாவதாக வரும். இரண்டுக்கும் உறவு கிடையாது. வெளியூர் ஆர்டரில் வெறுமனே 'கலாமஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் வசம்பைத்தான் கேட்கிறார்கள். கேட்டு உறுதி செய்யாமல் சரக்கு அனுப்பாதீர்கள். அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்ததும் ஏற்றுமதியாளர் அறிய வேண்டியது.

கடைசியாக ஒன்று. தூறாக வளரும் பிரம்பு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். பருத்த 'மானாவ்' போன்ற ஒற்றைத் தண்டு வகை, வெட்டினால் அதோடு சரி. விதை விழுமுன் வெட்டினால் வம்சமே போகும். ஏறுவதற்கு மரம் இல்லாவிட்டாலும் பிரம்பு இல்லை. லாபத்தை எடுக்கலாம், முதலை எடுத்துத் தின்னக் கூடாது என்பது நம் பேரேடு சொல்லும் பாடம். காட்டுக்கும் அதே கணக்குதான்.

2019 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. பண்டிகைக் காலத்தில் பழமும் உலர்பழமும் கட்டித் தரப் பத்துப் பிரம்புக் கூடை வாங்கி வைத்துப் பாருங்கள். கூடை வீட்டில் தங்கும். நம் கடையின் பெயரும் தங்கும். பின்னியவர் வீட்டிலும் உலை கொதிக்கும்.