மியூனிக்கில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

மியூனிக்கில் முதுகலை படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. அறை தேடுவது, நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவது, வங்கிக் கணக்கு என்று முதல் மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் ஒரு முழு நாள் ஓய்வாகக் கிடைக்கும். அன்றைக்கு எங்கே போகப் போகிறாய் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. சீனியர்கள் எல்லோரும் போனார்களாம். இன்ஸ்டாகிராமில் அதுதான் ஓடுகிறதாம். ஊரிலிருந்து அம்மா வேறு, "அந்த டிஸ்னி கோட்டை முன்னாடி நின்னு ஒரு போட்டோ அனுப்புடா, பெரியப்பா வீட்ல காட்டணும்" என்கிறாராம். பார்க்கவும் வாங்கவும் சாப்பிடவும் இத்தனை இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு, கிடைத்த ஒரே நாளை ரயிலில் தொலைக்கிறார்கள். இதை ஒவ்வொரு வருடமும் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

மரியன்பிளாட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் போய்விடுகிறார்கள். நகர மன்றக் கோபுரத்தில் காலை 11 மணிக்கும் நண்பகலிலும் 32 பொம்மைகள் சுற்றி வரும், ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். அதைவிட எதிரிலுள்ள பீட்டர் தேவாலயக் கோபுரத்தில் ஏறலாம். 300 படியாவது இருக்கும், மூச்சு வாங்கும். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலை தெரியும்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன். மியூனிக்கிலிருந்து ஃப்யூசன் வரை ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ் பிடித்து ஹோஹன்ஷ்வாங்காவ் போக வேண்டும். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் மலையேற்றம், அல்லது குதிரை வண்டிக்கு வரிசை. டிக்கெட்டில் நுழையும் நேரம் அச்சிட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் போனது போனதுதான். உள்ளே கும்பலோடு கும்பலாக அரை மணி நேரச் சுற்று. நின்று பார்க்க விடமாட்டார்கள், படம் எடுக்கவும் கூடாது. சுவரோவியத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று புரிவதற்குள் அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவார்கள். போட்டோவில் நாம் பார்க்கும் கோணம் மரியன் பாலத்தின் மேலிருந்து எடுப்பது. அங்கேயும் கூட்டம், பனி உறைந்தால் பாலத்தையே மூடிவிடுவார்கள். காலையில் கிளம்பிய பிள்ளை இருட்டிய பிறகு அறைக்கு வந்து சேரும். விசாவுக்காகப் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து வாழ்கிறவர்கள், அதில் ஒரு பங்கை இந்த அரை மணி நேரத்துக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, அப்படி என்னதான் பழமை என்று பார்த்தால் அதுவும் இல்லை. இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. முதல் படங்களை வரைந்து கொடுத்தவர் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை தீட்டிய ஓவியர். மத்திய காலக் கோட்டையைப் போலத் தோற்றமளித்தாலும் உள்ளே அப்போதே சூடேற்றும் குழாய்கள் இருந்தன. மன்னர் மொத்தமாக அங்கே ஆறு மாதம்கூடத் தங்கியதில்லை. 1886-இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை, இன்றுவரைக்கும் முடியவில்லை. இறந்து ஏழே வாரத்தில் டிக்கெட் போட்டுப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கூட்டம் குறையும் என்ற நம்பிக்கையும் எனக்குப் போய்விட்டது.

அந்த மன்னர் மேல்தான் ஈர்ப்பு என்றால் அவர் இந்த ஊரிலேயே கிடைப்பார். நிம்ஃபன்பர்க் அரண்மனைக்கு டிராமில் போகலாம். 1845-இல் அவர் பிறந்த படுக்கையறையை அங்கே காட்டுகிறார்கள். அரண்மனைத் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. நாள் முழுக்க வாத்துகளோடு நடக்கலாம். அவரை அடக்கம் செய்திருப்பது நொய்ஹவுசர் தெருவில், மிகாயேல் தேவாலயத்தின் நிலவறையில். அது நம் பிள்ளைகள் ஜாக்கெட் வாங்கப் போகும் அதே கடைத்தெரு! பையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள்?

கடைத்தெரு என்றதும் ஒரு எச்சரிக்கை. கார்ல்ஸ்பிளாட்ஸிலிருந்து மரியன்பிளாட்ஸ் வரை வண்டிகள் வராத வீதி, 1972 ஒலிம்பிக்ஸையொட்டி அமைத்தது. அங்கிருக்கும் பெரிய துணிக்கடைகளில் பாதி சென்னை மால்களிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடிவிடும். குளிர்கால ஜாக்கெட்டும் ஷூவும் வாங்க மட்டும் சனிக்கிழமை போங்கள். தட்டு, கிண்ணம், வாணலி வேண்டுமென்றால் வருடத்தில் மூன்று தடவை மரியாஹில்ஃப்பிளாட்ஸில் ஆவர் டுல்ட் சந்தை கூடும். அங்கே பாத்திரங்களுக்கென்றே வரிசை வரிசையாகக் கடைகள் போட்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை காலையில் விக்டுவாலியன்மார்க்ட்தான். 1807-இல் மரியன்பிளாட்ஸில் இடம் போதாமல் இங்கே மாற்றிய காய்கறிச் சந்தை. மே மாதத்தில் வெள்ளை அஸ்பராகஸைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள், மண் வாசனை போயிருக்காது. ஜூன் 24 வந்தால் அதன் பருவம் முடிந்தது. நம்மூர்ப் பழக்கத்தில் நுனியை ஒடித்துப் பார்க்கவோ பழத்தை அமுக்கிப் பார்க்கவோ கூடாது. கடைக்கார அம்மாவின் முகம் மாறிவிடும். விரலால் காட்டினால் அவரே எடுத்துப் போடுவார். வைஸ்வுர்ஸ்ட் என்ற வெள்ளைத் தொத்திறைச்சியைச் சூடான நீரோடு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகுச் சாந்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும், அதுவும் நண்பகல் மணி அடிப்பதற்குள் என்பது ஊர் வழக்கம். அதில் கன்றுக்குட்டி இறைச்சியும் பன்றி இறைச்சியும் சேரும். வேண்டாதவர்கள் பிரெட்செலும் ஒபாட்ஸ்டா என்ற சீஸ் மசியலும் வாங்கிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு சாலட் சைவம்தானே என்று எடுத்துவிடாதீர்கள். பவேரியாவில் அதைப் பெரும்பாலும் இறைச்சிச் சாறு விட்டுத்தான் கிளறுகிறார்கள்.

மதியத்துக்கு இன்னொரு யோசனை. இங்கிலீஷர் கார்ட்டன் பூங்காவில், சீனக் கோபுரத்தைச் சுற்றி ஏழாயிரம் பேர் உட்காரக்கூடிய பீர் தோட்டம் இருக்கிறது. மேசை விரிப்பு இல்லாத மேசைகளில் நம் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 1812-இல் மதுவடிப்பவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டங்களில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று மன்னர் உத்தரவிட்டதில் வந்த பழக்கம் இது. பானம் மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். பீர் வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே கிடைக்கும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்க் கஷ்கொட்டை மர நிழலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பக்கத்து மேசைப் பெரியவர் உப்புத் தூவிய வெள்ளை முள்ளங்கிச் சுருளை நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றால் ஆல்ட்டே பினகொதேக் ஓவியக்கூடம். அன்று மட்டும் நுழைவு 1 யூரோ. அங்கே டியூரர் 1500-இல் தன்னையே வரைந்த ஓவியம் இருக்கிறது. நேராக நம்மைப் பார்க்கிறார். வலக்கை விரல்கள் மேலங்கியின் ரோம விளிம்பைப் பிடித்திருக்கின்றன. எல்லா அறைகளையும் ஓடி முடிக்க வேண்டாம், அந்த ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஓவியத்தில் நாட்டமில்லாத இயந்திரவியல் மாணவருக்கு ஈசர் ஆற்றுத் தீவில் டாய்ச்சஸ் மியூசியம் காத்திருக்கிறது. அவரை ஓவியக்கூடத்துக்கு இழுத்துப்போவதும் பாவம்தான்.

யாருக்கு எது ஒத்துவரும் என்பதை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். டேட்டா சயின்ஸ் படித்தால்தான் வேலை என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்காகப் படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டாவது செமஸ்டரில் முகம் வாடிப்போகும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். விடுமுறையைக்கூட ஊர் வாய்க்குப் பயந்து கழிப்பவர்களுக்குப் படிப்பில் மட்டும் எங்கிருந்து துணிச்சல் வரும்? தன் ருசி எது என்று தெரிய ஒரு நாள் போதாது, பொறுமை வேண்டும். ஒரே சந்தைக்கு நாலு தடவை போகலாம், ஒரே பெஞ்சில் சும்மா உட்காரலாம். அதையும் வீட்டில் சொல்லலாம், தப்பில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கோட்டைக்குத்தான் போவேன் என்பவர்கள் வார நாளில், இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். கிறிஸ்துமஸ் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் கோட்டை திறக்காது.