விழுங்குவதும் ஓர் அலைதான்!

குரல்வளை மேட்டின் மீது விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு மேலே எழும்பிப் பின் இறங்குகிறதல்லவா? அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்கிறது. உணவுக்குழலின் வாயில் திறக்கிறது.

பின்னர் உணவு கல்லைப்போல் வயிற்றுக்குள் விழுகிறதா? இல்லை. அப்படியானால் எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர் பட்டினிதான் கிடக்க வேண்டும்! புவியீர்ப்பு விசை ஒரு துணை. முக்கிய வேலையைச் செய்வது தசைகளே. கவளத்திற்குப் பின்னால் உள்ள தசை வளையம் சுருங்க, முன்னால் உள்ளது தளர்கிறது. இச்சுருக்கம் ஓர் அலையாகக் கீழ்நோக்கி நகர்கிறது. உணவுக்குழலின் நீளம் சுமார் 25 செ.மீ. அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 செ.மீ. எனவே பயண நேரம் சுமார் 8 நொடி. குழலின் கீழ்ப்பகுதியில் அலை தரும் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவை எட்டக்கூடும். இது 1.36 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம்.

இந்த அலையை ஒழுங்குபடுத்துவதில் பெரும்பங்கு மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்புக்கு உண்டு. இங்கேதான் நீரிழிவு குறுக்கிடுகிறது. பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே இருந்தால் நரம்பிழைகளும் அவற்றிற்கு ஊட்டமளிக்கும் நுண்குழாய்களும் சேதமடைகின்றன. காப்புறை நைந்த கம்பியில் செய்தி தடுமாறுவதுபோல நரம்புச் செய்தியும் தடுமாறுகிறது. அலை வலுவிழக்கலாம், ஒழுங்கும் தப்பலாம். சிலருக்கு இது வெளியே தெரியாது. வேறு சிலருக்கோ உணவு நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருக்கும். வாய் உலர்தல், இரைப்பை அமிலம் மேலேறுதல், பூஞ்சைத் தொற்று ஆகியவையும் தொல்லையைக் கூட்டலாம்.

இதை அற்பமாக எண்ணலாகாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் போதிய அளவு உண்ண முடியாமல் போனால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். சரியாக இறங்காத மாத்திரை குழலின் சுவரைப் புண்ணாக்கும். உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் நுழைந்தால் நுரையீரல் அழற்சி தோன்றக்கூடும்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தாவோ பாட்டியோ உண்ணும்போது அடிக்கடி இருமுகிறாரா? சோறு இறங்கவில்லை என்கிறாரா? 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள். அதுவரை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளங்களாக மென்று, நிதானமாக உண்ணட்டும். திடீரென விழுங்க முடியாமல் போய், வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நினைவிழந்தவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரையும் ஊற்றலாகாது.

நமக்கு எட்டு நொடியில் முடியும் வேலை அவருக்கு நெடுநேரம் ஆகலாம். சாப்பாட்டு வேளையில் அவரை அவசரப்படுத்தாமல் அருகே அமர்ந்திருப்பதும் ஓர் உதவியே!