பண்ணை வரை பூங்கா, அதற்கு மேல் காடு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் பே ஏரியா வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு தவறாமல் எழும் கேள்வி: நாளைக்கு எங்கே கூட்டிக்கொண்டு போவது? கோல்டன் கேட் பாலம் பார்த்தாயிற்று, லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கும் போயாயிற்று என்றால், பல வீடுகளில் அடுத்து வரும் பெயர் ரான்ச்சோ சான் அன்டோனியோ. கூப்பர்டினோவை ஒட்டிய மலையடிவாரம். 280 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆடு மாடு பார்க்கப் பண்ணை இருக்கிறது, ஏறிப் பார்க்க மலை இருக்கிறது.

சுலபமான இடம் என்று பெயர் வாங்கியதுதான் இதில் உள்ள சிக்கலும். பண்ணை வரைக்கும் இது பூங்கா. பண்ணையைத் தாண்டினால் நிஜமான காடு. இரண்டுக்கும் நடுவில் மதில் எதுவும் கிடையாது, ஒரு பெயர்ப்பலகைதான். பூங்காவுக்கென்று புறப்பட்டவர்கள் பேச்சு சுவாரசியத்தில் காட்டுக்குள் ஏறி, பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து நிற்பதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். போவதற்கு முன்பே எதுவரை என்று முடிவு செய்துகொண்டால் நாள் நன்றாக முடியும்.

முதலில் பார்க்கிங்

வார இறுதியில் காலை எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் வண்டி நிறுத்துமிடங்கள் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு போனால், யாராவது கிளம்புவார்களா என்று சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போவதானால் ஒரே வண்டியில் போங்கள். வார நாளில் விடுப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது. சூரிய உதயத்துக்கே திறந்துவிடுவார்கள். காலைக் காப்பியைக் குடித்த கையோடு கிளம்பிவிட்டால் மான்களையும் காட்டு வான்கோழிகளையும் புல்வெளியிலேயே பார்க்கலாம். வெயில் ஏறியபின் அவை மரநிழலுக்குப் போய்விடும்.

லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் பக்கம் ரஸ் ரிட்ஜ் என்று இன்னொரு வாசல் உண்டு. ஆனால் நிறுத்துமிடம் மிகச் சிறியது, நடக்கத் தொடங்கியதுமே செங்குத்தான ஏற்றம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அது மாற்று வழி ஆகாது. இன்னொன்று, நாய்க்கு இங்கே அனுமதி இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் ஒரு மைல்

நிறுத்துமிடத்திலிருந்து டியர் ஹாலோ பண்ணைக்கு ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சமதளம். தார் போட்ட பாதை இருப்பதால் குழந்தைகளின் தள்ளுவண்டி தடையில்லாமல் போகும், சேலை கட்டிய அம்மாக்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். போக ஒரு மைல், திரும்ப ஒரு மைல் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுவே போதுமான நடை.

இந்த ஒரு மைலை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஓக் மரங்களை அண்ணாந்து பாருங்கள். சில மரங்களின் பட்டையில் நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓக் கொட்டை அடித்துச் செருகியிருக்கும். ஏகார்ன் மரங்கொத்திகளின் சேமிப்பு அது. கொட்டை காய்ந்து சுருங்கினால் துளையில் ஆட்டம் கண்டுவிடும். உடனே பறவை அதை எடுத்து, அளவு சரியாக இருக்கும் வேறு துளைக்கு மாற்றும். எங்கள் அப்பா கோபிப் பக்கத்து விவசாயி. இதைக் கேட்டுவிட்டு, "குதிரு கட்டத் தெரிஞ்ச குருவி கண்ணு இது" என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம்

1839இல், மெக்சிகோ ஆட்சிக் காலத்தில், யுவான் பிராடோ மேசா என்பவருக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டது ரான்ச்சோ சான் அன்டோனியோ. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது ஓலோனி பழங்குடியினர் வாழ்ந்த மண். பிறகு 19ஆம் நூற்றாண்டில் கிராண்ட் குடும்பத்தார் இங்கே பண்ணை அமைத்தார்கள். அந்தக் காலத்து மரக்கட்டடங்களில் சில இன்னும் நிற்கின்றன. இப்போது மவுன்டன் வியூ நகராட்சி, மிட்பென் எனப்படும் திறந்தவெளி மாவட்டத்தோடு சேர்ந்து பண்ணையை நடத்துகிறது. இந்த மிட்பென் 1972இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய அமைப்பு. இன்று 70,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆடு, செம்மறி, பன்றி, மாடு, கோழி, வாத்து எல்லாம் பண்ணையில் உண்டு. ஆனால் தொட்டுக் கொஞ்சும் பண்ணை என்று நினைத்துக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இடம் இது. சாதாரண நாட்களில் நாம் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். சில சனிக்கிழமைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். குட்டிகள் பிறக்கும் வசந்த காலத்தில் அப்படி ஒரு நாளைத் தேடிப் பிடித்துப் போனால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

நம்மவர்களுக்குக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போக வேண்டியது ஒன்று: தீனி போடக்கூடாது. மாட்டைப் பார்த்தால் ஒரு வாழைப்பழமாவது கொடுக்காமல் நம் கை சும்மா இருக்காது. அம்மா பையைத் திறந்ததுமே அப்பா தடுத்துவிட்டார். "வேண்டாம் புள்ள. நம்ம கட்டுத்தறியில போறவன் வர்றவனெல்லாம் தீனி போட்டா நாம சும்மா இருப்பமா?" அவர் சொன்னது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. ஆடுமாடுகள் அசைபோடும் விலங்குகள். பழக்கமில்லாத தீனி, அதிலும் ரொட்டியும் தானியமும் அதிகமாக உள்ளே போனால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆளுக்கொரு வாய் என்றாலும், சனிக்கிழமைக் கூட்டத்தில் அது எத்தனை வாய் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பண்ணைக்கு மேலே

இங்கிருந்துதான் காடு. மேலே 20 மைலுக்கு மேல் பாதைகள் பிரிந்து போகின்றன. ஓரளவு நடக்கிறவர்களுக்கு வைல்ட்கேட் லூப் நல்ல தேர்வு. ஓடையை ஒட்டிய நிழலான பள்ளத்தாக்கு, பிறகு ஒரு மிதமான ஏற்றம், சுற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். வழியில் பாதையோரம் இடுப்பளவு உயரத்துக்குச் சுள்ளிகள் குவிந்து கிடக்கும். யாரோ வெட்டிப் போட்ட விறகு என்று தோன்றும். மரஎலிகளின் வீடு அது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டைச் செப்பனிட்டு வாழ்பவை. குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டாம்.

பிஜி அண்டு இ டிரெயில் மின்கம்பிகளைத் தொடர்ந்து ஏறும் பாதை. நிழல் குறைவு, ஏற்றம் அதிகம். ஓட்டக்காரர்கள் மூச்சுப் பயிற்சிக்கு வரும் இடம். பிளாக் மவுன்டன் உச்சி சுமார் 2,800 அடி. கீழேயிருந்து போய்த் திரும்பப் பத்து மைலுக்கு மேல் ஆகும், ஒரு முழுநாள் வேலை. புதிதாக வருகிறவர்கள் முதல் முறையிலேயே அதற்கு ஆசைப்பட வேண்டாம். நுழைவிடத்து வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது.

சேராங்கொட்டையின் சொந்தக்காரன்

இந்தக் காட்டில் பாம்பைவிட அதிகம் பேரைத் தொல்லைப்படுத்துவது ஒரு செடி. பாய்சன் ஓக். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு சற்று நீளம். வசந்தத்தில் பளபளக்கும் பச்சை, கோடைக் கடைசியில் அழகான சிவப்பு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் எண்ணெய் அதில் இருக்கும். பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் தடித்துக் கொப்புளிக்கும். நம்மூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எளிய வழி, சேராங்கொட்டைக் குடும்பம் என்று சொல்வதுதான். தாவரவியல்படியும் அது உண்மை. மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம். சொன்ன மறுகணமே அப்பா பாதையின் நடுவுக்கு வந்துவிட்டார்.

குறுகிய பாதைகளில் முழுநீளப் பேன்ட்டும் மூடிய ஷூவும் அவசியம். சேலை நுனியும் வேட்டிக் கரையும் புதரை உரசினால் எண்ணெயும் ஒட்டும், உண்ணியும் ஏறும். இங்கே உண்ணிக் கடி லைம் நோயைக் கொண்டுவரக்கூடும். வீடு திரும்பியதும் உடுப்புகளைத் தனியாகத் துவைத்து, குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கைகால் கழுவிவிடுங்கள். பள்ளத்தாக்கில் பே மர இலையைக் கசக்கி முகர்ந்ததும் பிரியாணி இலை என்று பை நிறையப் பறிக்கத் தோன்றும். இங்கே எதையும் பறித்துப் போக அனுமதியில்லை.

மலைச்சிங்கமும் கிலுகிலுப்பைப் பாம்பும்

மலைச்சிங்கம் கண்ணில் படுவது அபூர்வம். ஆனாலும் குழந்தைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். 2014 செப்டம்பரில், இதே மலைத்தொடரில் பிக்கெட்டி ரான்ச் அருகே, குடும்பத்துக்குச் சில அடி முன்னால் நடந்துபோன ஆறு வயதுச் சிறுவனை ஒரு மலைச்சிங்கம் தாக்கியது. பெரியவர்கள் கத்திக்கொண்டு ஓடியதும் விட்டுவிட்டது, சிறுவன் பிழைத்தான். எதிரில் பார்த்தால் ஓடக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகம் பார்த்து நின்று, கைகளை உயர்த்திச் சத்தம் போட வேண்டும்.

கோடையில் கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காயப் பாதையில் படுத்திருக்கும். அதுவாக நகரும்வரை விலகி நில்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், 911ஐ அழையுங்கள்.

எப்போது போகலாம்?

மலை பச்சையாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஊரிலிருந்து பெற்றோர் வருவதோ பெரும்பாலும் கோடையில். அப்போது புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிடும், பத்து மணிக்கே வெயில் சுடும். விடிகாலையில் போய் வெயிலுக்கு முன் திரும்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதமோ இட்லியோ வண்டியில் இருந்தால் திரும்பி வந்ததும் பசியாறலாம்.

உங்களில் மெதுவாக நடப்பவர் யாரோ, அன்றைய தூரத்தை அவரே முடிவு செய்யட்டும். பண்ணை வரை போய்த் திரும்பினாலும் அது முழுமையான ஒரு காலைதான். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று பண்ணைக்கு விடுமுறை.