இன்னும் ஒரு சுத்து வேண்டாம் தம்பி

கார்புரேட்டர் வண்டியில் ஐட்லிங் நிற்காவிட்டால், முதலில் பலரின் கை போவது மேனிபோல்டைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு நட்டுக்குத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகளும் அதையே கேட்பார்கள்: "அண்ணே, ஏர் இழுக்குது போல, இன்னும் ஒரு சுத்து டைட் வெச்சிடுங்க." ஏர் இழுக்கிறது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்கு இறுக்குவது மருந்து இல்லை. பல வண்டிகளில் நோயே அதுதான்.

சமீபத்தில் வந்த ஒரு பழைய வண்டியைச் சொல்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்கவில்லை. சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது, பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கவரைப்பேட்டை தாண்டி கொல்கத்தா ஹைவேயில் ஏறிவிட்டால் ஒரு குறையும் தெரியாது, சிக்னலில் நின்றால்தான் தொல்லை என்றார் ஓட்டுபவர். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி விடை இருக்கிறது. ஐட்லிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிபோல்டுக்குள் வெற்றிடம் அதிகம். மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றை உறிஞ்சும். திராட்டிலைத் திறந்து ஓட்டும்போது உள்ளே போகிற மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒன்றுமே இல்லை.

கார்புரேட்டரைக் கழற்றி, ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, ஃபிளேஞ்சின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். நட் பூட்டும் இரண்டு காதுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. ஃபிளேஞ்ச் வளைந்திருக்கிறது.

ஏன் வளைகிறது என்று பார்க்க வேண்டும். நட் இருப்பது இரண்டு ஓரத்தில், துளை இருப்பது நடுவில். பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். முகத்தோடு முகம் படிகிற வரை இறுக்கினால் ரிங் தேவையான அளவு நசுங்கிவிடும். அதற்கு மேல் கொடுக்கிற பலத்தில் ஒரு துளியும் சீலுக்குப் போவதில்லை. காதுகளை எஞ்சின் பக்கம் இழுத்து, நடுவை வெளியே தள்ளுகிறது. கார்புரேட்டர் உடம்பு மெல்லிய வார்ப்பு உலோகம், ஒருமுறை வளைந்தால் தானாக நிமிராது. நடுவில் வைக்கும் பேக்லைட் இன்சுலேட்டரும் விரிசல் விடும்; ஹெட்டில் இருக்கிற அலுமினிய மரையும் போகும்.

அளவு என்ன? எங்கள் ஊர்ப் பக்க வண்டிகளில் அதிகம் இருப்பது 6 மி.மீ. போல்ட். அதற்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். 8 மி.மீ. ஸ்டட்டாக இருந்தால் அந்த வண்டியின் மேனுவலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பெரிய கம்பெனி லைனில் டார்க் ரெஞ்ச் அந்த அளவு வந்ததும் 'டக்'கென்று சொல்லிவிடும். தெருவோரக் கடையில் கைதான் ரெஞ்ச். 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஸ்பேனரைப் பிடித்து, அந்த இடத்தில் சுமார் 10 கிலோ பலம் கொடுத்தால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் வரும். அதனால் இந்த வேலைக்கு நீள ஸ்பேனரையே எடுக்காதீர்கள், பைப் போட்டு நெம்புவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். இரண்டு நட்டையும் விரலால் உட்கார வைத்து, பிறகு இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒன்றை முழுசாக முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் அப்போதே கோணல். அதிர்வில் கழன்றுவிடுமோ என்ற பயத்துக்கு ஸ்பிரிங் வாஷர் இருக்கிறது.

வளைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, எட்டுப் போடுவதுபோல மெதுவாகத் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடத் தேய்த்தால் ரிங் பள்ளம் ஆழம் குறைந்துவிடும். தேய்த்த தூசி ஒரு பொட்டுகூட உள்ளே தங்காமல் கழுவுங்கள், இதில் மட்டும் அவசரமே கூடாது. ஏர் எங்கே இழுக்கிறது என்று தேடப் பெட்ரோல் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சூடான எஞ்சினில் அது நெருப்பு. பிளக்கில் படாமல் ஜாயின்ட் மேல் மட்டும் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்தாலே, கசிவு இருந்தால் ஐட்லிங் சத்தம் மாறும்.

திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுக்கும் இதே கணக்குதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்புரேட்டர் நின்றுபோனது, புல்லட்டும் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. மீதமிருக்கும் பழைய வண்டிகள் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. பழைய ரகச் சாதா ரப்பர் ரிங் அதில் உப்பும். கழற்றிய ரிங் பள்ளத்தில் திரும்ப உட்கார மறுத்தால் அமுக்கித் திணிக்காமல், அதே அளவில் விட்டான் ரிங் கேட்டு வாங்கிப் போடுங்கள்.